வெள்ளையாய் முளைத்த முடி

அண்ணி,

இன்று காலை சின்ன வெங்காய வாசனைதான் என்னை எழுப்பியது. ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு சீக்கிரம் யார் சமைக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே எழுந்து வந்தேன். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. மிக்ஸி ஜாரில் வெங்காயச் சக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. வாசனை குளியலறைப் பக்கமிருந்து வந்தது.

கதவு ஒருக்களித்திருந்தது. உங்கள் மகள் கயல் கண்ணாடிக்கு முன்னால் தலையைச் சாய்த்து நின்று, வலது காதுக்குப் பின்னால் பஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாறு கழுத்து வழியே நைட்டிக்குள் இறங்கியிருந்தது. இரண்டு கண்ணும் சிவந்து நீர் கொட்டியது. எரிச்சலினாலா, அழுகையினாலா என்று தெரியவில்லை.

“அத்தை, திட்டாதீங்க. போன்ல ஒரு வீடியோ பார்த்தேன். விடாம தேச்சா வளந்துடுமாம்.”

அவள் கையை விலக்கிப் பார்த்தேன். முடி ஒன்றுகூட இல்லாத, வழவழவென்று ஒரு வட்டம். தேய்த்துத் தேய்த்து ஓரமெல்லாம் சிவந்திருந்தது. கிளாஸில் பின் வரிசையில் உட்கார்ந்த பெண் சொல்லித்தான் அவளுக்கே தெரியுமாம். அன்றிலிருந்து துப்பட்டாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு காலேஜுக்குப் போய் வந்திருக்கிறாள். காலேஜுக்காக என்னோடு வந்து தங்கியிருக்கிறாள், ஒரே வீட்டில் இருக்கும் எனக்குத் தெரியவில்லை.

நான் குழாயைத் திறந்து அவள் தலையைக் கழுவினேன். விரல் அந்த வட்டத்தின் மேல் போனது. அப்படியொரு இடத்தை உங்கள் தலையில் முதலில் தொட்டவளும் நான்தானே. அவளை உட்காரவைத்து டவலைக் கொடுத்துவிட்டு பால்கனிக்கு வந்துவிட்டேன். யாரிடம் பேசுவது? அப்போதிலிருந்து மனசுக்குள் உங்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

படாளத்திலிருந்து நீங்கள் எங்கள் பூஞ்சேரி வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, தெருவில் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. ‘முடிக்காரப் பொண்ணு’ என்றுதான் சொல்வார்கள். தண்ணி பிடிக்கப் போனால் நாலு பேர் பின்னலைத் தொட்டுப் பார்ப்பார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. உங்களுக்கு இல்லை. “எல்லாரும் முதுக பாத்துட்டே போறாளுங்க கலா. என் மூஞ்சி எப்படி கீதுன்னு ஒருத்திக்கும் தெரியாது” என்று சிரிப்பீர்கள்.

அண்ணன் டூரிஸ்ட் வண்டி ஓட்டினான். சீசன் இருந்தால் ஓட்டம், இல்லாவிட்டால் படுக்கை. கயல் பிறந்து பால் மறந்த பிறகு நீங்களும் வேலைக்குப் போனீர்கள். மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோர ஓட்டல் ஒன்றில், காலை டிபன் ஹாலில் பரிமாறுகிற வேலை. கறுப்புக் கோட்டு, இறுக்கிய கொண்டை, அதன்மேல் வலை. விடியும் முன் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துவட்ட நேரமில்லாமல் ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொண்டு ஓடுவீர்கள். மத்தியானம் வந்து அவிழ்க்கும்போதும் உள்ளே ஈரம் காய்ந்திருக்காது. ஒரு புளித்த வாடை வரும்.

முதலில் வந்தது பொடுகு. கறுப்புக் கோட்டின் தோளில் மாவு தெளித்த மாதிரி உதிர்ந்தது. சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டு, சாப்பாடு பரிமாறுகிறவர் இப்படி நிற்கலாமா என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு நீங்கள் ஹாலுக்குள் நுழையும் முன் தோளைத் தட்டிவிட்டுக்கொள்வீர்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பேசிக்கொண்டே தோளைத் தட்டுவீர்கள், அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும். எங்கள் போர்வெல் தண்ணீரோ உப்பு. எந்த ஷாம்பு போட்டாலும் நுரைக்காது. அரிப்பு தாங்காமல் சீப்பின் முனையால் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டீர்கள்.

அப்புறம் அந்தச் சாயங்காலம். மதுராந்தகத்தில் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். உங்களுக்கு ஐந்துகால் பின்னல் போட்டுவிடுகிறேன் என்று நான்தான் பிடித்து உட்காரவைத்தேன். பிடரிக்கு மேலே வகிடு பிரிக்கும்போது என் விரல் வழுக்கியது. முடி இருக்க வேண்டிய இடத்தில் குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது.

“இன்னாடி, ஏன் நின்னுட்ட?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

“ஒண்ணுமில்லன்னா ஏன் சீப்பக் கீழ வெச்சிட்ட? கண்ணாடிய எடு.”

முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒன்று. நீங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள். “முடியால மூடு. பின்னிவுடு. நேரமாவுது” என்றீர்கள். அன்றைக்கு விசேஷத்தில் உங்கள் பின்னலை எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு கை அருகில் வரும்போதும் நீங்கள் கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டதை நான் மட்டும் கவனித்தேன்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. பார்த்ததும் அம்மா, “புழுவெட்டு. புழு ஒண்ணு வேரக் கடிச்சிகினு கீது” என்றது. அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. தினம் உங்களை மடியில் சாய்த்துக்கொண்டு சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தது. வளரவில்லை என்றதும் பூண்டு. அதற்குப் பிறகு மிளகும் உப்பும். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, “எரியுது அத்த, எரியுது” என்பீர்கள். “எரிஞ்சாத்தான் புழு சாவும், பொறுத்துக்கோ கண்ணு” என்று சொல்லும்போது அம்மாவின் கண்ணிலும் தண்ணீர் வரும். டிவியில் காட்டிய மூலிகை எண்ணெயை அண்ணன் வாங்கி வந்தான். பச்சையாக, கசாயம் போல ஒரு நாற்றம். அதைத் தடவிய இடத்தில் கொப்புளம் கிளம்பிச் சீழ் பிடித்தது. ஒரு வட்டம் மூன்றானது. தலையணை உறையில் முடியும் சீழும் ஒட்டிக்கொள்ளும். யாரும் பார்க்கும் முன் அதை எடுத்துத் துவைத்துவிடுவீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைகளை உங்கள் சீப்பைத் தொடவிடவில்லை. கொஞ்ச நாளில் கயலைத் தூக்கவும் வரவில்லை.

திருப்போரூருக்குப் போய் மொட்டை போடலாம் என்பது உங்கள் யோசனை. “பாதி இருந்து பாதி இல்லாம இருக்கறதுதான் கலா அசிங்கமா தோணுது. மொத்தமா எடுத்துட்டா முருகனுக்குன்னு ஆயிடும்.” அண்ணனும் நானும் கூட வந்தோம். நாவிதர் உங்கள் தலையைப் பார்த்துத் தயங்கினார். பிறகு புண்ணில் கத்தி படாமல், மெல்ல மெல்ல வழித்தார். அந்த நீளப் பின்னல் கீழே விழுந்தபோது அண்ணன் வெளியே போய்விட்டான். நீங்கள் சந்தனத்தைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்து, “எப்படி கீறேன்?” என்று கேட்டீர்கள். நன்றாகத்தான் இருந்தீர்கள் அண்ணி. முதல் முறையாக உங்கள் முகம் முழுசாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஓட்டலில் சமையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டாராம். பக்கத்து வீட்டுக்காரிகூட வந்து பிரசாதம் கேட்டாள். அன்று இரவு சாப்பிடும்போது நீங்கள் சொன்னீர்கள்: “அதே தலைதான். வேண்டுதல்னா கும்பிடறாங்க, வியாதின்னா ஒதுங்கறாங்க.”

அந்த மரியாதை முடி வளரும்வரைதான். வளர்ந்தது, ஆனால் தீவு தீவாக. இடையில் பெரிய பெரிய வெற்றிடங்கள். இனி வேண்டுதல் என்று சொல்ல முடியாது. சாப்பிட வந்த யாரோ முகம் சுளித்தார்கள் என்று உங்களை டிபன் ஹாலிலிருந்து சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை. விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டு, கடல் சத்தம் மட்டும் கேட்கிற அந்த அறையில் நீங்கள் எப்படி நாளைக் கழித்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. நீங்களும் சொன்னதில்லை. கயலுக்குத் தாலாட்டு மாதிரி ஏதேதோ பாடுவீர்களே, அந்தப் பாட்டு மட்டும் வீட்டில் நின்றுபோனது.

ஒரு திங்கட்கிழமை லீவு போட்டு உங்களைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தோல் பிரிவில் நல்ல கூட்டம். எல்லாரும் ஏதோ ஒன்றை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையை, ஒருவர் கழுத்தை, நீங்கள் தலையை. கண்ணாடி போட்ட டாக்டரம்மா முக்காட்டை எடுக்கச் சொன்னார். சீழைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“இது மேல என்னம்மா போட்டீங்க?”

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நான் வெங்காயத்திலிருந்து எண்ணெய்வரை சொன்னேன்.

“எல்லாத்தையும் இன்னிக்கோட நிறுத்துங்க. எரியுதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்ல, தோல் புண்ணாகுதுன்னு அர்த்தம். புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. உடம்புல நோய எதிர்க்கிற சக்தி இருக்கு இல்ல, அது ஆள் தெரியாம முடி வேரையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. யாருக்கும் ஒட்டாது. உங்க பொண்ண நல்லா மடியில போட்டுக்குங்க.”

நீங்கள் அப்போதுதான் நிமிர்ந்தீர்கள். “பொடுகால வந்ததா டாக்டர்?”

“இல்லம்மா. அது வேற, இது வேற. பொடுகுக்கு ஷாம்பு தரேன். போட்டதும் கழுவிடாதீங்க, கொஞ்ச நேரம் தலையில ஊறவுடுங்க. ஈரத் தலையோட கொண்டை போடாதீங்க. நகத்தால சொறியாதீங்க.”

“திரும்ப வளருமா?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “நெறைய பேருக்கு வளரும். சிலருக்கு வளந்து திரும்பவும் கொட்டும். உங்களுக்கு எப்படின்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

வெளியே வந்து டீ குடிக்கும்போது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது: “அந்த அம்மா ஒருத்திதான் என்கிட்ட பொய் சொல்லல.”

புண் ஆறிய பிறகு ஊசி ஆரம்பித்தது. வட்டத்தின் தோலுக்குள்ளேயே மெல்லிய ஊசியால், இடம் இடமாகக் குத்துவார்கள். நீங்கள் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வீர்கள். சத்தம் வராது. வீட்டுக்குப் போனதும் கையில் நகக்குறி பார்ப்பேன். சில மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, “கலா, வந்து தொட்டுப் பாரு” என்று கூப்பிட்டீர்கள். பிடரியில் பூனை மயிர் மாதிரி ஒரு மெல்லிய முளை. தூய வெள்ளை. பயந்துபோய் உங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா சிரித்தார். முதலில் வெள்ளையாகத்தான் வருமாம், பிறகு கறுக்குமாம். “கெழவியாப் பொறந்து கொமரியாவப் போறேன்” என்றீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் மதுராந்தகத்தில் அதே சித்தப்பா மகளுக்குத் தள்ளித் தள்ளிப்போன கல்யாணம் வந்தது. அண்ணன் சென்னைக்குப் போய் ஒரு விக் வாங்கி வந்தான். ஆசையாகத்தான் வாங்கி வந்தான், தேடித் தேடி, நீளமானதாக. நீங்கள் மறுக்காமல் போட்டுக்கொண்டீர்கள். மண்டபத்தில் வைகாசி வெயில். மின்விசிறிகள் சுடுகாற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் நெற்றியிலிருந்து வேர்வை இலையில் சொட்டியது. அரிப்பில் கழுத்து நரம்பு புடைத்தது. சட்டென்று இடது கையால் விக்கைக் கழற்றினீர்கள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தீர்கள். ஜிப்பை இழுத்து மூடினீர்கள். பிறகு, “சாம்பார் இந்தப் பக்கம் வுடுங்க” என்றீர்கள்.

எதிர் வரிசையில் பெரிய அத்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. பரிமாற வந்தவர் வாளியோடு அப்படியே நின்றார். உங்கள் மறுபக்கம் இருந்த ஒரு பெண் பாதி இலையில் எழுந்துபோனாள். அப்போது வாசல் பக்கம் நின்றிருந்த அண்ணன் நடந்து வந்தான். அந்தப் பெண் விட்டுப்போன இலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. இலையைத்தான் பார்த்தான். “பாயசம் எங்கண்ணா? இங்க ரெண்டு பேருக்கு வையி” என்றான். அவன் பேசிய பேச்சிலேயே பெரிய பேச்சு அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இப்படியே போயிருந்தால் போதும் என்றிருந்தது. வெள்ளை முளை தலை முழுக்கப் பரவியிருந்தது, அங்கங்கே கறுக்கவும் தொடங்கியிருந்தது. கயல் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், மழைக்காலம், உங்களுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு சலவை அறைக்குப் போனீர்கள். டெங்கு என்று தெரிந்தபோது இரத்தத்தில் அணுக்கள் இறங்கிவிட்டிருந்தன. ஏற்றினார்கள். நிற்கவில்லை. தலைக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று எல்லா டாக்டரும் சொன்னார்கள். ஆனால் துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது: “முடி போனப்பவே தெரியும், ஆகாதுன்னு.” எழுந்து போய் அவர்கள் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது.

உங்களைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தோம். பூ வைக்கும் நேரம் வந்ததும் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சுமங்கலிக்குப் பூ வைக்காமல் அனுப்பக்கூடாது, வைத்தால் நிற்க முடி இல்லை. உங்கள் பெரியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டது: “அந்த டோப்பா முடி எங்கனா கீதா? அத வெச்சி...”

அம்மா எழுந்து வந்தது. அண்ணி, உங்கள் தலையைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை போகக்கூடாது என்று வீட்டையே கட்டிப்போட்டிருந்த அம்மா. “அது வேணாம்மா. அவ எடுத்துப் போட்டத நாம திரும்ப மாட்டக்கூடாது” என்றது. மல்லிகைச் சரத்தை வாங்கி, நெற்றியிலிருந்து பின்னால்வரை அந்த வெள்ளை முளையைச் சுற்றிக் கட்டியது. முடிச்சுப் போட வரவில்லை. சரத்தின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் கூடத்தில் மாட்டிய படத்தில் அந்த நிச்சயதார்த்தத்துக்கு நான் போட்டுவிட்ட பின்னலோடுதான் இருக்கிறீர்கள். அண்ணனுக்கு அந்த முகம் வேண்டியிருந்தது. அம்மாவுக்கோ பேத்தியின் கல்யாணம் பற்றிய பயம் திரும்ப வந்துவிட்டது. பரம்பரை என்று யாராவது சொல்லிவிட்டால்? அதனால் கயல் வளர்ந்தது அந்தப் பின்னலைப் பார்த்துத்தான். நீங்கள் ஒரு தடவை வேண்டுதலுக்கு மொட்டை போட்டிருந்தீர்கள் என்பது மட்டும் அவளுக்கு ஞாபகம்.

இன்று மத்தியானம் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனிடமும் அம்மாவிடமும் கேட்கவில்லை. பந்தியில் நடந்ததைச் சொன்னபோது மட்டும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். முடித்ததும் கேட்டாள்:

“அப்ப எனக்கும் மொத்தமா போயிடுமா அத்தை?”

“தெரியாதும்மா. போவாமயும் இருக்கும். நாளைக்குச் செங்கல்பட்டு போலாம்.”

“இவ்ளோ நாள் ஏன் யாரும் சொல்லல?”

கோபத்தில் எழுந்து ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கீழே ஷேர் ஆட்டோக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. முகம் வீங்கியிருந்தது.

“நான் ஸ்கார்ஃப் கட்டிக்கினுதான் வருவேன். அம்மா மாதிரில்லாம் எனக்கு தைரியம் இல்ல அத்தை. அந்த மாதிரி நாலு பேர் முன்னாடி என்னால முடியாது.”

அப்போதுதான் அதைச் சொன்னேன் அண்ணி. கல்யாணத்திலிருந்து வந்த அன்று நீங்கள் குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிய வழிய உள்ளே உட்கார்ந்து அழுததை. நான் கதவைத் தட்டித் தட்டி உள்ளே வந்தபோது, புடவையெல்லாம் நனைந்து, நீங்கள் சுவரில் சாய்ந்து கிடந்ததை. “இனிமே எவன் எதிருலயும் என்னால நிக்க முடியாது கலா” என்று என் தோளில் விம்மியதை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இத மட்டும் யாருக்கும் சொல்லாத. அவருக்குக்கூட” என்றதை.

இத்தனை வருஷம் சொல்லவில்லை. உங்களைத் தைரியசாலி என்று யார் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு, அந்த அழுகையை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். இன்று உங்கள் மகளிடம் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அவள் வாழ்நாள் முழுக்க ஒரு பின்னலையே பார்த்து வளர்ந்தவள். அவளுக்கு ஒரு அம்மா வேண்டியிருந்தது.

கேட்டுவிட்டு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அம்மா அழுதாங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும், “ஆமாம்மா, அழுதாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.